தொழிலாளரின் உடல்நலத்தை யார், எதற்காக அளப்பது?

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தராசு தூக்கப்படுகிறது. பறித்த கொழுந்து எத்தனை கிலோ, ஈரத்துக்கும் கூடைக்கும் எத்தனை கிலோ கழிவு என்பதெல்லாம் எழுதப்படுகின்றன. இறப்பர்த் தோட்டத்திலும் பால் அளக்கப்படுகிறது. அதில் எவ்வளவு காய்ந்த இறப்பர் தேறும் என்று மெட்ரோலக் கருவியை அமிழ்த்திப் பார்க்கிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்த பெண்ணின் நிறை எவ்வளவு என்று கேட்டால், அநேகமாக அவர் கடைசியாகக் கர்ப்பமாக இருந்த காலத்துக் கிளினிக் அட்டையைத்தான் தேடவேண்டும். பால்வெட்டும் ஆண்களுக்கு அந்த அட்டையும் கிடையாது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இயங்கும் மாதர் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் ஒன்றுகூடிப் படித்துக் கலந்துரையாடுவதற்கென இப்பாடத்தை எழுதுகிறோம். உடல்நலத்தை மதிப்பிடுவது வைத்தியருடைய வேலை, அதில் நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பது வைத்தியருடைய வேலைதான். ஆனால் ஒரு வேலை உடம்பை என்ன செய்கிறது என்பதை முதலில் அறிபவர் அவ்வேலையைச் செய்பவரே. அவர் அறிந்ததை முறையாகக் கேட்டு எழுதிவைக்க ஆளில்லாததால், அது லயத்து வாசலில் பேசி மறந்துபோகும் கதையாகவே முடிந்துவிடுகிறது.

முன்னர் அளந்தவர்கள்

தோட்டத் தொழிலாளரின் உடம்பை எவரும் பரிசோதித்ததில்லை என்று சொல்லமுடியாது. எமது முன்னோர் இலங்கைக்கு வரும்போதே பரிசோதிக்கப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாக வந்தவர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டார்கள். அம்மை குத்தினார்கள், உடம்பைப் பார்த்தார்கள், நோயுள்ளோரைப் பிரித்துவைத்தார்கள். காலராவும் பிளேக்கும் தோட்டங்களுக்குள் நுழையாமல் தடுப்பதே அதன் பிரதான நோக்கம். வேலைக்கு ஆகும் உடம்பா, ஆகாத உடம்பா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

1912இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்து கொடுக்கும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்தின் மேல் சட்டப்படி சுமத்தப்பட்டது. டிஸ்பென்சரியும் பிள்ளைக்காம்பராவும் தோட்ட வாழ்க்கையின் அங்கமாகியதற்கு இத்தகைய சட்டங்களே அடிப்படை. அடுத்து 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மலத்தைச் சோதித்தபோது தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரின் வயிற்றில் புழு இருந்தது. இரத்தத்தை உறிஞ்சி மனிதரை வெளிறச் செய்யும் புழு அது. மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறியது. மலசலகூடங்கள் போதியளவு இல்லாத இடங்களில், வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களுக்குப் புழு மீண்டும் வந்தது. பரிசோதனையும் மருந்தும் ஒருபக்கம் நடக்க, நோய்க்குக் காரணமான இடம் மாறாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியாது.

இன்னுமொரு பரிசோதனையையும் சொல்லவேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடம் செய்த ஆய்வொன்று 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். பின்னர் இரு சாராரும் பறித்த கொழுந்தை ஒப்பிட்டார்கள். இரும்புச்சத்தால் இரத்தம் ஊறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். இரத்தசோகை கடுமையாக இருந்தவர்களிடம் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அவர்களுடைய உடல் இயக்கமும் கூடியிருந்தது.

இந்த ஆய்வு எமக்கு மிகவும் பயனுள்ளது. சுறுசுறுப்பில்லை, சோம்பல், வேலைக்கு வராமல் நிற்கிறாள் என்று பெண்களைக் குறைகூறுபவர்களுக்கு இரத்தத்தைப் பாருங்கள் என்று பதில் சொல்ல இது உதவும். அதேவேளை ஒன்றைக் கவனிக்கவேண்டும். மண்டபத்திலும் மாத்தளையிலும் உடம்பைப் பார்த்தவர்கள் தோட்ட வேலையை மனதில் வைத்தே பார்த்தார்கள். இந்த ஆய்விலும் நலம் கூடியதைக் காட்டும் கணக்குகளில் ஒன்று கொழுந்தின் கிலோ. கிலோவை அளப்பது தவறென்று நாம் சொல்லவரவில்லை. கூடிய கிலோவுக்குரிய காசு பறித்தவருக்குச் சேருமா, அல்லது நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய அளவு அடுத்த மாதம் உயர்ந்துவிடுமா என்பதைத்தான் கேட்கிறோம்.

1950இல் சர்வதேசத் தொழில் தாபனமும் உலக சுகாதாரத் தாபனமும் கூடித் தொழில்சார் சுகாதாரத்துக்கு ஒரு விளக்கம் வகுத்தன. வேலையை மனிதருக்கு ஏற்றதாக்குவது அதன் சாரம். இவர் வேலைக்குத் தகுதியானவரா என்று மட்டும் கேட்டால் போதாது. இந்த வேலை இவருக்குத் தகுதியானதா என்றும் கேட்கவேண்டும். இரண்டாவது கேள்வியைத் தோட்டத்தில் எப்படிக் கேட்பது என்பதே மிகுதிப் பாடம்.

எந்த வேலை?

1700ஆம் ஆண்டு இத்தாலிய வைத்தியரான றமசினி தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் வழமையாகக் கேட்பவற்றோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்ற கேள்வியையும் சேர்க்கவேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். தோட்டத்தில் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே விடை ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது: தோட்டத் தொழிலாளி.

கொழுந்து பறிப்பவரும், கவ்வாத்து வெட்டுபவரும், மருந்தடிப்பவரும், கான் வெட்டுபவரும், பால் வெட்டுபவரும், தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவரும் ஒரே தொழில் செய்பவர்களல்லர். ஆளுக்காள் வலியும் வேறு, ஆபத்தும் வேறு. எனவே குழுவின் முதல் வேலை, ஒவ்வொருவரும் கடந்த மூன்று மாதங்களில் எந்தெந்த வேலையை எத்தனை நாள் செய்தார் என்று எழுதுவதாகும். தோட்டத்து வேலை முடிந்து பின்னேரத்தில் கிராமத்துச் சிறுதோட்டங்களில் செய்யும் வேலையையும், இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கக் கிடங்குகளில் செய்யும் வேலையையும் விட்டுவிடக் கூடாது. செக்ரோலில் இல்லாத உழைப்பும் அதே உடம்பிலிருந்துதான் போகிறது.

இறப்பர் வேலையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மலையகத் தோட்டங்கள் பற்றி எழுதுகிறவர்கள் நுவரெலியாவையே நினைத்து எழுதுவதால், யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, எஹலியகொடைப் பக்கத்துப் பால்வெட்டுகாரர் பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை. குளிர்ந்த வேளையில் பால் நன்றாக ஓடும் என்பதால் வேலை விடியற்காலையிலேயே தொடங்குகிறது. இருட்டில், சருகு மூடிய சரிவில், மரத்துக்கு மரம் நடக்கவேண்டும். அச்சருகுக்குள் கிடப்பது கோப்பி விரியன். இலங்கையில் பாம்புக்கடிக்குப் பயன்படும் இந்தியத் தயாரிப்பான விஷமுறிவு மருந்து இப்பாம்பின் விஷத்தை முறிப்பதில்லை. பலருக்குக் கடித்த இடத்தில் வீக்கமும் நோவும் மட்டுமே ஏற்படும்; சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும், இரத்தம் உறையாமல் போகும். சின்னப் பாம்பு, ஒன்றும் செய்யாது என்று பச்சிலை கட்டிவிட்டு மறுநாளும் வெட்டுக்குப் போவது ஆபத்தானது. கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்; தோட்டத்து ரோட்டில் எந்த இடம்வரை வாகனம் ஏறும் என்பதை முன்கூட்டியே அறிந்து வைப்பது நல்லது.

பால் உறைய வைக்கும் போமிக் அமிலம் தோலையும் கண்ணையும் பொசுக்கும். கையுறையும் கழுவ நீரும் அருகில் உண்டா என்று பார்க்கவேண்டும். ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்பவருக்கு இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, லீவு நாளில் அது குறைகிறதா என்று கேட்கவேண்டும். வேலையில்லாத நாளில் குறையும் நோய்க்கு வேலையோடு தொடர்பு இருக்கக்கூடும். தேயிலைத் தொழிற்சாலையில் தூசு பறக்கும் இடத்தில் வேலை செய்பவருடைய இழுப்புக்கும் இதே கேள்வி பொருந்தும். வெட்டு நிறுத்திய மரங்களில் கவிழ்க்காமல் விட்ட சிரட்டைகளில் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். சிரட்டை கவிழ்ப்பதும் ஒரு வேலைதான். அதற்கும் பேர் போடவேண்டும் என்பது எமது கருத்து.

எலிக்காய்ச்சலில் இரத்தினபுரியும் கேகாலையும் நாட்டில் முன்னணியில் நிற்கும் மாவட்டங்களாகும். 2008இல் நாடளாவிய ரீதியில் இந்நோய் பரவியபோது 7,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் வெட்டுக்காயத்தோடு நிற்பவருக்கு இது தொற்றும். வயலிலும் மாணிக்கக் கிடங்கிலும் அடைத்த கானிலும் இறங்குபவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை கடுமையாக நோவதும், கண் சிவப்பதும், சிறுநீர் குறைவதும் இதன் அடையாளங்கள். இத்தகைய வேலைக்குப் போகும் காலத்தில் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக இலவசமாகப் பெறலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது ஆகாது. எனவே அவரிடம் கேளாமல் வாங்கி விழுங்கக் கூடாது.

தராசும் அளவு நாடாவும்

வேலையை எழுதிய பின்னர் உடம்பைப் பார்க்கலாம். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பிள்ளைகளின் நிறை பார்க்கும் நாளில் வளர்ந்தோரையும் நிறுக்கக்கூடிய தராசொன்றைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பெறலாம். சுவரில் அளவு நாடாவை ஒட்டி உயரம் பார்க்கலாம். நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தால் இருமுறை வகுக்கவேண்டும். 148 சென்ரிமீற்றர் உயரமும் 39 கிலோ நிறையுமுள்ள பெண்ணை எடுத்துக்கொள்வோம். 39ஐ 1.48ஆல் வகுத்து, வந்ததை மீண்டும் 1.48ஆல் வகுத்தால் 17.8 வரும். 18.5க்குக் கீழே இருந்தால் உடம்பு மெலிவு என்று கொள்ளப்படும். இப்பெண் ஒரு தடவையில் 15 கிலோ கொழுந்தைச் சுமந்தால், தன் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கிறார். கயிறு தலையில் அழுந்த, கூடை முதுகில் தொங்க, வழுக்கும் சரிவில் இறங்குகிறார். கழுத்து நோவுக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்தாமல், நிறுவை இடம் மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் எழுதவேண்டும். நிறுவை இடத்தைக் கொஞ்சம் கிட்ட மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை.

இரத்தசோகையைக் கண்ணிமையின் உட்புறமும் நாக்கும் வெளிறியிருப்பதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். மலைக்கு ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிறதா, நின்று நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறதா என்பதும் நல்ல சோதனை. உறுதியாகச் சொல்ல இரத்தம் பார்க்கவேண்டும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகையாகும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகும், சிலருக்கு வயிறு புரட்டும். இதைக் கண்டு பயந்து பலர் இடையில் நிறுத்திவிடுகிறார்கள். இதனால் கெடுதி இல்லை என்பதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லவேண்டும். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. தேயிலை பறிப்பவர்களிடம் தேநீரைத் தள்ளிவையுங்கள் என்று சொல்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ரொட்டி தின்ற கையோடு சாயம் குடிக்காமல் ஒரு மணி நேரம் பொறுப்பது செலவில்லாத வைத்தியம். தேசிக்காய்ப் புளியும் கொய்யாப்பழமும் இரும்புச்சத்தைச் சேரவைக்கும்.

தாய்மாரின் உடல்நிலை பிள்ளைகளிலும் தெரிகிறது. 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 100க்கு 32 பேர்.

வாயையும் பார்க்கவேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு உண்டா, வாய் முன்போல அகலத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இலங்கை ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் மென்றாலும் ஆபத்துண்டு. குளிருக்கும் அட்டைக்கும் வெற்றிலை நல்லது என்று சொல்லிக் கொடுத்த பழக்கம் இது. ஒரு கூட்டத்தில் பேசி நிறுத்திவிட முடியாதென்பதும் எமக்குத் தெரியும்.

மலையில் ஒரு மறைவிடம்

பெண்கள் தனியாகக் கூடும்போது மட்டும் பேசப்படும் ஒரு விடயம் உண்டு. எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். பெரும்பாலான மலைகளில் மலசலகூடம் கிடையாது. காலையில் ஏறும் பெண் மத்தியானம்வரை, சிலவேளை பின்னேரம்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார். அடக்கவேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார். வெயிலில் வியர்வை கொட்ட, தண்ணீர் குடியாமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு வேலை செய்பவருக்குத் தலையிடியும், சிறுநீர்க் கடுப்பும், அடிவயிற்று நோவும் வருவதில் வியப்பில்லை. மாதவிடாய் நாட்களில் துணி மாற்ற இடமில்லாததால் சிலர் அந்நாட்களில் வேலைக்கே போவதில்லை. அதனால் அந்த நாட்களின் சம்பளமும் இல்லை. டிஸ்பென்சரியில் கடுப்புக்கு மருந்து கிடைக்கும். அடுத்த மாதமும் அதே மருந்து கிடைக்கும்.

கொக்கிப்புழுவின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. எனவே உடல்நலக் கேள்விகளில் இவற்றையும் சேர்க்கவேண்டும்: நேற்று வேலை நேரத்தில் எத்தனை முறை தண்ணீர் குடித்தீர்கள்? எத்தனை முறை ஒதுங்க முடிந்தது? பெண்ணுக்குப் பெண் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. விடைகளைக் கூட்டிப் பார்த்து, இன்ன இலக்க மலையில் வேலை செய்யும் இத்தனை பெண்களில் இத்தனை பேர் மத்தியானம்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்று பெயர்கள் இல்லாமல் எழுதிக் கொடுத்தால், துரையும் தொழிற்சங்கமும் அதற்கு ஏதாவது பதில் சொல்லியே ஆகவேண்டும். சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1958ஆம் ஆண்டுப் பெருந்தோட்டச் சமவாயத்தை இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்டது என்பதையும் அக்கடிதத்தில் குறிப்பிடலாம். 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெயருக்கேற்ப, தொழிற்சாலைக்குள் உள்ளவர்களுக்கே மலசலகூடமும் குடிநீரும் கேட்கிறது. மலை அதற்குள் அடங்கவில்லை. தோட்டத்தில் பெரும்பாலானோர் வேலை செய்வதோ மலையில்.

மனமும் வீடும்

உடல்நலம் என்பது நோயில்லாதிருப்பது மட்டுமன்று என்று 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதாரத் தாபனத்தின் யாப்பு கூறுகிறது. மனநலத்தை அளக்க அத்தாபனத்தின் ஐந்து கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன. கடந்த இரண்டு வாரங்களில் மனம் சந்தோஷமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடம்பு உற்சாகமாக இருந்ததா, காலையில் களைப்பில்லாமல் எழும்ப முடிந்ததா, நாளாந்த வாழ்க்கையில் பிடிப்பு இருந்ததா என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து 5 வரை புள்ளி, மொத்தம் 25. 13க்குக் கீழே வந்தால் கவனிக்கவேண்டும். கடன், கசிப்பு, வெளிநாடு போன மனைவி, வேலையில்லாத மகன் என்று காரணங்கள் பலவாக இருக்கும். கேட்பவர் புத்தி சொல்லத் தொடங்காமல் கேட்கவேண்டும். வாழ்க்கையே வேண்டாம் என்று பேசுபவரைத் தனியே விடக்கூடாது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் பேச உதவலாம், வைத்தியசாலைக்குக் கூடப் போகலாம்.

மற்றத் தொழிலாளி வேலை முடிந்ததும் வேலைத்தலத்தை விட்டு வீட்டுக்குப் போகிறார். தோட்டத் தொழிலாளியின் வீடும் வேலைத்தலத்துக்குள்ளேதான் இருக்கிறது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுள் புதைந்தன. மழை இரவுகளில் தூங்காமல் விழித்திருப்பவருடைய களைப்பையும் குழு எழுதவேண்டும். சுவர் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் கலங்கல் நீர் ஆகியவற்றைக் கண்டால் கிராம உத்தியோகத்தருக்கும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கும் அறிவிக்கலாம்.

கிளினிக் நாளும் மொழியும்

35 வயதைத் தாண்டியோருக்குக் குருதி அமுக்கம், நீரிழிவு முதலியவற்றைப் பார்க்க அரசாங்கம் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை நடத்துகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயையும் மார்பகப் புற்றுநோயையும் ஆரம்பத்திலேயே கண்டறியச் சுகவனிதையர் கிளினிக் உண்டு. இரண்டும் இலவசம். ஆனால் பெரும்பாலும் வேலை நாட்களில் காலையில்தான் நடக்கின்றன. பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய பேர் போய்விடும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நோயில்லாத ஒருவர் நோய் உண்டா என்று பார்க்க ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழக்கத் தயங்குவதை அறியாமை என்று சொல்வது நியாயமாகாது. சுகாதார வைத்திய அதிகாரியிடம் விண்ணப்பித்துத் தோட்டத்துக்கே நடமாடும் கிளினிக் கேட்கலாம். அது நடக்கும் அரைநாளைக்குப் பேர் போடும்படி நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசலாம். தோட்ட வைத்திய உதவியாளர் இதற்கு முன்னின்றால் வேலை இலகுவாகும்.

சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. எமது மக்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுவார்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் அது போதும். வெள்ளைபடுதல், மூலம், மனச்சோர்வு போன்றவற்றை இன்னொரு மொழியில் சொல்வது வேறு விடயம். கிளினிக் அட்டையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியதை அவர்கள் வாசிக்கவும் மாட்டார்கள். தமிழ் 1987 முதல் அரசியல் யாப்பின்படி அரச கரும மொழி. நாம் போகும் கிளினிக்குகளில் உள்ள உத்தியோகத்தர்களில் பலர் நல்ல மனதோடு, கையாலும் கண்ணாலும் பேசிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இரு மொழியும் எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரும் யுவதி ஒருவரும் கிளினிக் நாளில் கூடப் போவதற்குக் குழு ஒழுங்கு செய்யலாம்.

கொப்பி யாரிடம் இருக்கவேண்டும்?

இதைத் தீர்மானிக்காமல் ஒரு வரியும் எழுதவேண்டாம். நோயுள்ளவர் என்று தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், ஓய்வுபெற்ற பின் கிடைக்கும் கைக்காசு வேலையும் போய்விடும் என்ற பயம் தோட்டத்தில் பரவலாக உண்டு. பயமுள்ள இடத்தில் எவரும் உண்மை சொல்லமாட்டார்கள். ஆகவே தனியாளின் அட்டை அவரவர் கையிலேயே இருக்கட்டும். குழுவிடம் பெயரில்லாத மொத்தக் கணக்கு மட்டும் இருக்கட்டும். அதையே நிர்வாகத்திடமும் சங்கத்திடமும் கொடுக்கவேண்டும். நோயாளி என்று கண்டறியப்பட்டவருக்குச் சம்பளம் குறையாமல் இலேசான வேலை கிடைக்குமா என்பதைப் பரிசோதனைக்கு முன்னரே பேசி எழுத்தில் வாங்குவது உத்தமம். விபத்துக்களை மட்டும் வேறாக, பெயரோடும் நேரத்தோடும் அன்றன்றே பதியவேண்டும். வேலையின்போது வேலை காரணமாக நேர்ந்த காயத்துக்கு 1934ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமை கோரும்போது அப்பதிவு கைகொடுக்கும்.

குழுவில் கலந்துரையாட:

எமது தோட்டத்தில் கடந்த ஒரு வருடத்துள் பாம்பு கடித்தவர்கள், மலையில் விழுந்தவர்கள் எத்தனை பேர்? அவற்றில் எத்தனை டிஸ்பென்சரிப் புத்தகத்தில் உள்ளன?

எந்த மலையில் தண்ணீரும் ஒதுங்க இடமும் இல்லை? அங்கே முதலில் எதைக் கேட்கலாம்: தண்ணீர்ப் பீப்பாயா, தகரத்தால் மறைத்த மலசலகூடமா, நிறுவை இடத்தை மாற்றுவதா?

வளர்ந்தோரை நிறுக்கும் தராசு யாரிடம் உண்டு? அடுத்த பிள்ளை நிறுக்கும் நாள் எப்போது?